மௌன வளாகத்தில் ஒரு பெரட்டு

சித்திரபுரத்துக்கு மேலே, மின்வாரியக் குடியிருப்பைத் தாண்டி ஏறினால் ஹைரேஞ்ச் நலவாழ்வியல் பல்கலைக்கழகம் வரும். வரும் என்றால், மூடுபனி அனுமதித்தால் வரும். அந்த வளாகத்தில் எது நடப்பதானாலும் யாராவது அனுமதித்துத்தான் நடக்கும். பனிக்கு மட்டும் அந்த அதிகாரத்தை இன்னும் எழுத்தில் வழங்கவில்லை.

அங்கே பேச்சு, மொழி நோயியல் துறை என்று ஒன்று உண்டு. பேச்சு வராத குழந்தைகள், திக்குகிறவர்கள், பக்கவாதத்தில் வாயடைத்துப் போனவர்கள் ஆகியோரைப் பேசவைப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் கற்றுத்தருகிற துறை. செல்வலட்சுமி அதில் ஒப்பந்த உதவிப் பேராசிரியை. எஸ்டேட்டில் பிறந்து, மைசூரில் படித்து, ஊருக்கே திரும்பி வந்தவள். நோயாளிகளைப் பேசவைப்பது அவள் வேலை என்று நியமன உத்தரவு சொன்னது. நடைமுறையில், பேசவைத்ததாக நிரூபிப்பதுதான் வேலையாக இருந்தது. ஒரு பாடம் நடத்தினால் அதனால் மாணவருக்கு என்ன விளைந்தது, விளைந்தது துறையின் நோக்கத்தோடு எப்படிப் பொருந்துகிறது, அந்த நோக்கம் பல்கலைக்கழகத்தின் தொலைநோக்கோடு எப்படிப் பொருந்துகிறது என்று அட்டவணை மேல் அட்டவணை போடவேண்டும். பாடம் நடத்தாமல் அட்டவணை போட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அட்டவணை போடாமல் பாடம் நடத்தினால் விளக்கம் கேட்டு ஓலை வந்துவிடும்.

இந்த லட்சணத்தில்தான் செல்லத்துரை வந்து சேர்ந்தார்.

செல்லத்துரை தேயிலை எஸ்டேட்டில் கங்காணி. மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, வலது கை துவண்டு, பேச்சும் போய்விட்டிருந்தது. சொல்வதெல்லாம் புரியும். பதில்தான் வராது. வாயைத் திறப்பார், நெற்றி நரம்பு புடைக்கும், கண்ணில் தண்ணீர் முட்டும், அவ்வளவுதான். ஜீப்பில் அவரைக் கூட்டிவந்த மனைவி சாந்தம்மாள் சிகிச்சை அறையின் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"டீச்சர், இவுக வாயத் தொறந்தா மலையே திரும்பிப் பாக்கும். இப்பத் தண்ணி வேணும்னு கேக்க முடியல. மேனேஜர் தொரை சொல்லிட்டாரு. லீவு முடியிற அன்னைக்குப் பெரட்டுல நின்னு பேரு கூப்பிடணுமாம். கூப்பிட்டா வேல இருக்கு. இல்லேன்னா பேர வெட்டிருவாக. பேர வெட்டுனா எஸ்டேட்டு குடுத்த லயத்து வீட்ட விட்டு எறங்கணும்."

"உங்க பேர்ல வேல இல்லையாம்மா?"

"முதுகு போயி நான் முன்னமே பேர வெட்டிக்கிட்டேன் டீச்சர். நாலு தலமொறையா அந்த வீட்டுல கெடக்கோம். இந்த மலையில எங்களுக்குன்னு ஒரு குழி மண்ணு கெடையாது."

பெரட்டு என்பது செல்வலட்சுமிக்கு விளக்கவேண்டிய விஷயமில்லை. விடியற்காலையில் தொழிலாளர்கள் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, இன்னார் இந்தக் காட்டுக்கு என்று பிரித்து அனுப்புவார். அவளுடைய அம்மாவின் பெயரும் ஒரு காலத்தில் அப்படிக் கூப்பிடப்பட்ட பெயர்தான்.

முதல் வாரம் பாடத்தில் உள்ளபடி படங்களைக் காட்டினாள். பூனை, குடை, சாவி. ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு யோசனை தோன்றியது. வெள்ளைக் கோட்டு மாட்டிய மாணவிகளைச் சிகிச்சை அறையில் வரிசையாக நிறுத்தினாள். செல்லத்துரையை எழுப்பி அவர்கள் முன்னால் நிற்கவைத்து, இடது கையில் ஒரு குடையைக் கொடுத்தாள். கங்காணி குடையில்லாமல் களத்துக்குப் போகமாட்டார்.

செல்லத்துரை வரிசையை ஒருமுறை பார்த்தார். முதுகு நிமிர்ந்தது.

"பெரியமுத்து...!"

சமையல்கூடத்தில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். வரிசையின் முதலில் நின்ற நிமி என்கிற மாணவி பயந்துபோய் "ஆஜர்" என்றாள். "அந்தோணியம்மா...! வேல்முருகன்...! செல்லாத்தா...!" என்று பெயர்கள் அறையை நிறைத்து, ஜன்னல் வழியாக இறங்கி, பள்ளத்தாக்கில் போய் மோதித் திரும்பின. பாதி வரிசை போனதும் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். சாந்தம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். செல்வலட்சுமிக்கும் அழுகை வந்தது. ஆனால் சிகிச்சை அறையில் ஆசிரியர் அழுதால் அதை எந்த அட்டவணையில் சேர்ப்பது என்று தெரியாததால் அடக்கிக்கொண்டாள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. யோசித்துத் தேடினால் கிடைக்காத சொல், பழகிய தடத்தில் விட்டால் தானாக வரும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மற்ற சொற்களையும் கொண்டுவரலாம். செல்லத்துரை விஷயத்தில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. தொண்டையை முழுக்கத் திறந்து கத்தினால்தான் பெயர் வந்தது. மெதுவாகச் சொல்லுங்கள் என்றால் முதல் எழுத்திலேயே நின்றுபோனது. கத்தட்டும், கத்திக் கத்தியே லீவு முடிவதற்குள் முழுப் பெரட்டையும் கூப்பிட்டுவிடுவார் என்று செல்வலட்சுமி கணக்குப் போட்டாள். அது சரியான கணக்குதான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே.

அந்த வருஷம் தரமதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாத ஒரு தனித்துவமான நடைமுறையைக் குழுவுக்குக் காட்டவேண்டும். அதற்குத் தனி மதிப்பெண். மழைநீர்க் குழி வெட்டலாம் என்றால் ஏற்கெனவே எல்லோரும் வெட்டிவிட்டார்கள். காளான் வளர்க்கலாம் என்றால் அதையும் வளர்த்துவிட்டார்கள். துணைவேந்தர் ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார்.

"நண்பர்களே, உலகத்தில் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. பேசி என்ன கண்டோம்? அறிவு என்பது அடக்கம். அடக்கம் என்பது மௌனம். ஆகவே இன்று முதல் இது மௌன வளாகம். நேற்று நான் துறைத்தலைவர்களிடம் ஒன்றரை மணி நேரம் மௌனத்தைப் பற்றிப் பேசினேன். ஒருவர்கூடக் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வளாகம் தயாராக இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியது சத்தம் என்று அவர் சுட்டிக்காட்டியதும் எல்லோரும் கையைத் தூக்கி ஆட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் ஷைஜு செல்வலட்சுமியைத் தேடி வந்தார். தொடுபுழைக்காரர், மலையாளி. எஸ்டேட் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். கெட்டவர் என்று சொல்லமுடியாது. ஏதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு உதவுமென்றால் நல்லவராகக்கூட இருப்பார்.

"டீச்சரே, ஒரு காரியம் சொல்லணும். மௌன வளாகத்துக்கு நோடல் டிபார்ட்மென்ட், அதாவது பொறுப்பு, உங்க டிபார்ட்மென்ட்தான்."

"எங்களதா சார்? எங்க வேலையே பேசவைக்கிறதுதானே?"

"அதேதான். சத்தம் அளக்கிற மெஷின் உங்ககிட்ட மட்டும்தானே உண்டு? வேற யார்கிட்டயும் இல்லல்லோ."

இப்படியாக, செவித்திறன் சோதனைக்கு வாங்கிய ஒலிமானி சிகிச்சைக்கூடத்தின் தாழ்வாரச் சுவருக்குப் போனது. மற்றக் கட்டடங்களுக்கும் அதேபோல் ஒவ்வொன்று வாங்கி மாட்டினார்கள். குறித்த அளவைத் தாண்டிச் சத்தம் எழுந்தால் ஒவ்வொரு அறையின் கூரையிலும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் காவலர் சகாயம் வெள்ளைக் கையுறையோடு வாசலில் தோன்றி, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டுவார். மற்ற துறைகளில் அது மாதத்துக்கு ஒருமுறை எரிந்தால் அதிகம். பேச்சுத்துறையில் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. வாரக் கடைசியில், வளாகத்தின் மொத்த இரைச்சலில் பெரும்பகுதி மௌன வளாகத்தின் பொறுப்புத் துறையிலிருந்தே வருகிறது என்று அறிக்கை வந்தது.

செல்வலட்சுமி துணைவேந்தரைப் போய்ப் பார்த்தாள். பேச்சுச் சிகிச்சை என்றால் பேச்சு வரும், பேச்சு வந்தால் சத்தம் வரும் என்று எடுத்துச் சொன்னாள். துணைவேந்தர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் சிகிச்சைக்கு எதிரியில்லை டீச்சர். பேசவைக்கவேண்டாம் என்றா சொன்னேன்? சத்தமில்லாமல் பேசவையுங்கள் என்கிறேன். இருதய ஆபரேஷன் செய்கிறவர் கூச்சல் போட்டுக்கொண்டா செய்கிறார்? உங்கள் நோயாளிகளைப் பாருங்கள். வரும்போது எவ்வளவு அமைதியாக வருகிறார்கள்! நம்மிடம் வந்தபிறகுதான் கத்துகிறார்கள். இது யாருடைய குறை என்று யோசித்துப் பாருங்கள்."

அவள் யோசித்துப் பார்த்தாள். அது சில நாள் ஆகும் வேலையாக இருந்தது.

அதற்குள் விஷயம் முற்றியது. திக்குவாய்ச் சிறுவர்கள் சரளமாகப் பேசினால் விளக்கு எரிந்தது. திக்கினால் எரியவில்லை. ஆகவே திக்குவது ஒழுங்கான நடத்தை என்று பதிவானது. காதுகேளாத குழந்தைகள் கேட்பொறி மாட்டிய முதல் நாள் சந்தோஷத்தில் கூவினார்கள் என்று அவர்களுடைய தாய்மார்களுக்கு அறிவுரை வழங்கப்பட்டது. திங்கள்தோறும் காலையில் மௌன உறுதிமொழி. அதை உதடு மட்டும் அசைத்து எடுக்கவேண்டும். உதட்டைத் தப்பாக அசைத்தவர்களை ஷைஜு குறித்துக்கொண்டார். வகுப்பில் குரல் நாண்கள் பற்றிய பாடத்தைச் செல்வலட்சுமி கரும்பலகையில் எழுதியே நடத்தினாள். பலாப்பழம் விழுகிற சத்தத்துக்காகப் பின்கட்டு மரத்தை வெட்டினார்கள். வெட்டிய சத்தத்துக்கு முன்னனுமதி இருந்தது. ஜெனரேட்டர் உள்கட்டமைப்பு என்பதால் அதற்கு விலக்கு. துணைவேந்தரின் கார் ஹாரனுக்கும் விலக்கு, அது நிர்வாகம். நோயாளிகளின் கருத்தைக் கேட்டபோது பேச்சு வராதவர்கள் யாரும் குறை சொல்லவில்லை என்பதால் திருப்தி முழு மதிப்பெண்ணைத் தொட்டது.

செல்லத்துரைக்கு நேர்ந்ததைத்தான் சொல்லவேண்டும். அவர் நிமிர்ந்து நின்று "பெரியமுத்து" என்று தொடங்குவார். விளக்கு எரியும். சகாயம் வாசலில் வந்து விரலைத் தூக்குவார். செல்லத்துரை வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்கு உத்தரவு போட்டவர். அப்படிப்பட்டவருக்கு உத்தரவை மதிக்கவும் நன்றாகத் தெரியும். சட்டென்று வாயை மூடிக்கொள்வார். அடுத்தமுறை கொஞ்சம் தணித்துப் பார்ப்பார். தணித்தால் பெயர் வராது.

"அண்ணே, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருங்களேன்" என்று செல்வலட்சுமி சகாயத்திடம் கெஞ்சினாள்.

"எனக்கென்ன டீச்சர். வெளக்கு எரிஞ்சா வெரலத் தூக்கணும், அம்புட்டுத்தான் என் ட்யூட்டி. தூக்கலேன்னா என்னயத் தூக்கிருவாக. மேல கேமரா வச்சிருக்காகல்ல."

வளாகத்துக்கு வெளியே தேயிலைக் காட்டில் வைத்துச் சிகிச்சை தர அனுமதி கேட்டாள். வெளியே தந்தால் அது சிகிச்சையாகாது, சமூக சேவை என்று பதில் வந்தது. சமூக சேவைக்குத் தனிப் பிரிவு இருந்தது. அந்தப் பிரிவு அப்போது மௌன வளாகத்துக்குச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஓடும்போது அந்த அறைக்குப் பக்கத்தில் வைத்துத் தரலாமா என்று கேட்டாள். ஜெனரேட்டருக்குக் கொடுத்த விலக்கை மனிதர்கள் பயன்படுத்துவது முறைகேடு என்று பதில் வந்தது. ஊதுகிற சங்கை ஊதி வைப்போம் என்று அவளும் விடாமல் எழுதினாள். எல்லாப் பதில்களும் குறித்த நேரத்தில் வந்தன. பல்கலைக்கழகத்தின் பதிலளிக்கும் வேகத்துக்கும் மதிப்பெண் உண்டு.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் கேட்காமல் லயத்துக்கே போய்விட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, செல்லத்துரையின் கையில் அவருடைய சொந்தக் குடையையே கொடுத்தாள்.

"இங்க வெளக்கெல்லாம் இல்லப்பா. நல்லாக் கத்துங்க."

செல்லத்துரை வரிசையைப் பார்த்தார். பிறகு வீட்டின் இறவாரத்தைப் பார்த்தார். இடது கையில் குடை இருந்ததால், துவண்ட வலது கையைப் பாடுபட்டுத் தூக்கி, ஒரு விரலை உதட்டில் வைத்துச் செல்வலட்சுமியை எச்சரித்தார். அவளுக்கு எதுவும் வந்துவிடக்கூடாது என்ற அக்கறை அவர் முகத்தில் இருந்தது.

"வீட்லயும் இப்படித்தான் டீச்சர்" என்றாள் சாந்தம்மாள். "நான் சத்தமாப் பேசுனாலே வெரலத் தூக்குறாக. ரேடியோவ அமத்தச் சொல்றாக. போன வாரம் கோயில் மணிக்கு வெரலத் தூக்குனாக."

திங்கட்கிழமை ஓலை வந்தது. பல்கலைக்கழக நோயாளிக்குத் தனிப்பட்ட முறையில் சிகிச்சை அளித்தது ஒப்பந்த விதிக்கு விரோதம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இது கவனத்தில் கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. செல்வலட்சுமி இனிமேல் போவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கும் வீட்டுவாடகை உண்டு. உதட்டையாவது பழக்கிவைப்போம், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று செல்லத்துரைக்கு ஓசையில்லாமல் பெயர்களை உதட்டசைவில் சொல்லப் பழக்கினாள். கண்ணாடியை எதிரே வைத்து, அவள் உதட்டைப் பார்த்து அவர் உதட்டை அசைத்தார். இப்படிச் செய்யக்கூடாது என்று அவளே வகுப்பில் நடத்தியிருக்கிறாள். அதற்குப் பரீட்சையில் ஒரு கேள்வியும் வரும்.

உதடு பழகியது. ஒரு பெயர்கூட விடாமல் முழுப் பெரட்டையும் ஊமை கண்ட கனவாகச் சொல்லி முடித்தார். விளக்கு எரியவேயில்லை.

தரமதிப்பீட்டுக் குழு வந்தது. உறுப்பினர்கள் மூவரும் சால்வை போர்த்தப்பட்டு, ஏலக்காய் மாலை சூட்டப்பட்டு, சிகிச்சைக்கூடத்துக்கு அழைத்துவரப்பட்டார்கள். மாணவிகள் வரிசையில் நின்றார்கள். செல்லத்துரை குடையோடு நின்றார். உதடு அசைந்தது. நிமி உதட்டை அசைத்து "ஆஜர்" சொன்னாள். அடுத்தவளும் உதட்டை அசைத்தாள். அறை முழுக்கப் பெரட்டு நடந்தது. வெளியே பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எத்தனையோ பேச்சுச் சிகிச்சைக்கூடங்களைப் பார்த்திருக்கிறேன்" என்றார் அவர். "எல்லா இடத்திலும் ஒரே இரைச்சல். இங்கேதான் முதல்முறையாக, சிகிச்சை நடப்பதே தெரியாத அளவுக்கு நேர்த்தியாக நடக்கிறது. இவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. முறை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பணி."

பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. அன்று வெடித்த வாணவேடிக்கைக்கு முன்னனுமதி இருந்தது. விளக்குகள் விடியவிடிய எரிந்தன.

மறுவாரம் செல்லத்துரையின் லீவு முடிந்தது.

பெரட்டுக் களத்துக்குச் செல்வலட்சுமியும் போயிருந்தாள். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. பெண்கள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கூடையோடு வரிசையாக நின்றார்கள். மேனேஜர் ஜீப்பில் சாய்ந்து கைகட்டி நின்றார். சின்ன வயசுக்காரர், நியாயமானவர். தள்ளி, தண்ணீர்க்குழாய் அருகே சாந்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள். செல்லத்துரை இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில், குடையோடு களத்தின் நடுவில் வந்து நின்றார்.

"கூப்பிடுங்க கங்காணி" என்றார் மேனேஜர்.

செல்லத்துரை நிமிர்ந்தார். மூச்சை இழுத்தார். அந்த மூச்சு செல்வலட்சுமிக்குத் தெரியும். முதன்முதலாகப் பெயர் வந்த அன்று சமையல்கூடத்தில் பாத்திரத்தை விழவைத்த மூச்சு. அவர் கண்கள் மேலே போய்க் கூரையைத் தேடின. களத்துக்குக் கூரை கிடையாது, வானம்தான் இருந்தது. இழுத்த மூச்சை மெதுவாக விட்டுவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தார்.

ஒருவரும் அசையவில்லை. வரிசையின் முதலில் நின்ற பெரியமுத்து, செல்லத்துரையோடு கூடவே வளர்ந்தவர், அந்த உதட்டையே பார்த்தார். முப்பது வருஷமாகத் தன் பெயர்தான் முதலில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

"ஆஜர்!" என்று கத்தினார்.

உதடு அடுத்த பெயருக்கு அசைந்தது. "ஆஜர்!" என்றாள் அந்தோணியம்மாள். அப்புறம் வேல்முருகன். அப்புறம் செல்லாத்தாள். ஒவ்வொருவராக, தங்கள் முறை தவறாமல், வழக்கத்தைவிட உரக்கச் சொன்னார்கள். களம் முழுக்க ஆஜர் ஒலித்தது. கூப்பிட்ட பெயர் ஒன்றுகூடக் கேட்கவில்லை. கடைசிப் பெயர்வரை உதடு ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் செல்லத்துரை பெருமையோடு செல்வலட்சுமி பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருந்தார்.

மேனேஜர் ஜீப்பிலிருந்த பதிவேட்டை எடுத்து விரித்தார்.

"எனக்குப் பதில் மட்டும்தான் கேட்டுச்சு" என்றார். "கூப்பிட்டது கேக்கல. நான் என்னன்னு எழுதட்டும்?"

பெரியமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார். அவருக்கும் மேலே யாரோ இருந்தார்கள்.

வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். செல்வலட்சுமி துணைவேந்தரின் அறைக்குப் போய், உட்காரச் சொல்வதற்கு முன்பே பேசத் தொடங்கினாள். ஒரு மனிதனுக்குத் திரும்பி வந்த குரலை நாம் பிடுங்கிவிட்டோம், அவர் தெருவில் நிற்கப்போகிறார் என்றாள். குரல் உயர்ந்தது. கூரையில் விளக்கு எரிந்தது. துணைவேந்தர் கோபப்படவில்லை. உண்மையிலேயே மனம் இளகிவிட்டார்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே டீச்சர்! நம் நோயாளியை நாம் கைவிடுவோமா? வாசலுக்கு ஒரு மௌனக் காவலர் வேண்டும் என்று எத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சகாயம் சரிப்படவில்லை, இருமுகிறார். பேசுகிற ஆளை வைத்தால் என்றைக்காவது ஒருநாள் பேசிவிடுவார். செல்லத்துரையோ நாமே பயிற்சி கொடுத்து உருவாக்கிய ஆள். மறுவாழ்வு என்றால் இதுதான். இல்லாததைத் தேடி ஏங்குவதல்ல, இருப்பதை வைத்து வாழ்வது. இதை அடுத்த அறிக்கையில் வெற்றிக் கதையாகச் சேர்த்துவிடலாம். நீங்களே எழுதுங்கள், உங்கள் ஒப்பந்தமும் புதுப்பிக்கவேண்டியிருக்கிறது."

செல்லத்துரைக்கு வாசலில் வேலை கிடைத்தது. வெள்ளைக் கையுறை கிடைத்தது. வளாகத்தின் பழைய ஊழியர் குடியிருப்பில் காலியாகக் கிடந்த ஒரு வீடும் கிடைத்தது. லயத்து வீட்டைவிடப் பெரிய வீடு, குழாயில் தண்ணீர் வந்தது. வாசலில் நின்று வருகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு நிபந்தனை: பணி நேரத்தில் வாய் திறந்தால் வேலையும் வீடும் போய்விடும். அந்த நிபந்தனையைப் படித்துக்காட்டியபோது ஷைஜுவே சிரித்துவிட்டார்.

"சாரமில்ல டீச்சர், பரவாயில்ல. இவர்கிட்ட இது ஒரு பேருக்குத்தானே."

செல்வலட்சுமி மனதைத் தேற்றிக்கொண்டாள். இப்போது லீவுக் கணக்கு இல்லை, மேனேஜர் இல்லை, அவசரம் இல்லை. மூளை அப்படியேதான் இருக்கிறது, தடமும் அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் பள்ளிவாசல் ஊருக்குப் போகும் சாலையில் கீழே இறங்கி, யாருமில்லாத இடத்தில் நிறுத்தி மறுபடி கத்தவைத்தால் ஆறேழு மாதத்தில் ஆளை மீட்டுவிடலாம். ஓலை வந்தால் வரட்டும். இதைச் சொல்ல ஒருநாள் அந்தப் பழைய குடியிருப்புக்குப் போனாள்.

சாந்தம்மாள் காப்பி போட்டுக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"டீச்சர், நான் ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கம்மா."

"இனிமே இவுகளுக்குப் பேசச் சொல்லிக் குடுக்காதீங்க."

செல்வலட்சுமி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"முந்தாநேத்து தூக்கத்துல சத்தம் வந்துச்சு டீச்சர். 'பெரியமுத்து'ன்னு தெளிவா. நான் வாயப் பொத்திட்டேன். பக்கத்து வீட்டுல கேட்டுருந்தா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதயும் விட்டா நாங்க எங்க போவோம்? ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்."

அவள் விழக் குனிந்தாள். முதுகு வலியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். செல்வலட்சுமி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

மழை தொடங்கிய ஒரு காலையில் செல்வலட்சுமி வளாகத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். செல்லத்துரை வாசலில் வெள்ளைக் கையுறையோடு நின்றிருந்தார். கீழே சாலையில் எஸ்டேட் டிராக்டர் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. ஓரத்தில் தொங்கிக்கொண்டு நின்ற பெரியமுத்து இவரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

செல்லத்துரையின் முதுகு நிமிர்ந்தது. இடது கை, அங்கே இல்லாத ஒரு குடையைப் பிடித்தது. மூச்சை இழுத்தார். இந்தமுறை கண் மேலே எங்கும் போகவில்லை, டிராக்டரையே பார்த்தது. வாய் திறந்தது.

"பெ..."

குரல். உதடு இல்லை, குரல். செல்வலட்சுமி படித்த படிப்பெல்லாம் கேட்கக் காத்திருந்த அந்தக் குரல். வாசலின் உள்பக்கத்துக் கேமராவுக்குக் கீழே ஷைஜு குடையை மடக்கிக்கொண்டு நின்றார். இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்வலட்சுமி ஓட்டமாகப் போய்ச் செல்லத்துரையின் எதிரே நின்று, தன் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். பேசச் சொல்லிக்கொடுத்த டீச்சர். டிராக்டர் வளைவில் திரும்பி மறைந்தது. செல்லத்துரை வாயை மூடிக்கொண்டார். பிறகு அவரும் விரலைத் தூக்கி உதட்டில் வைத்து, விதிப்படி அவளுக்குப் பதில் வணக்கம் சொன்னார்.

செல்வலட்சுமி உள்ளே போய் வருகைப்பதிவு இயந்திரத்தில் அதே விரலை வைத்தாள்.